பழைய டூ-ஸ்ட்ரோக் பைக் ஸ்டார்ட் ஆகவில்லையா? இன்ஜினைப் பிரிக்கும் முன் வரிசையாகச் சோதிக்க வேண்டியவை

யமஹா ஆர்எக்ஸ் 100, ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத், சுசுகி சாமுராய் உள்ளிட்ட பழைய டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்களின் உற்பத்தி பல ஆண்டுகளுக்கு முன்பே நின்றுவிட்டது. ஆயினும், தந்தை ஓட்டிய வண்டி, முதல் சம்பளத்தில் வாங்கிய வண்டி என்ற நினைவுகளோடு நாடு முழுவதும் பல வீடுகளில் அவை இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இத்தகைய வண்டி ஒன்று திடீரென ஸ்டார்ட் ஆகாமல் போனால், பலரும் முதலில் செய்வது களைத்துப்போகும் வரை கிக்கரை உதைப்பதுதான். அடுத்ததாக, "இன்ஜின் வேலை இருக்கிறது" என்ற முடிவுக்கு வந்துவிடுகின்றனர்.

உண்மையில், ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் பலவற்றின் கோளாறு இன்ஜினுக்கு வெளியேதான் இருக்கும். கரி படிந்த பிளக், அடைபட்ட ஜெட், தேய்ந்த பாயிண்ட், அறுந்த ஒயர் போன்ற சிறு காரணங்களே போதுமானவை. எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியாகப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்திருந்தால், வீட்டிலேயே அரை மணி நேரத்தில் கோளாறு எந்தப் பக்கம் என்பதையேனும் கண்டறிந்துவிட முடியும். அது குறித்து இத்தொகுப்பில் காண்போம்.

அவசரப்பட்டு பிரித்தால் என்ன இழப்பு?

மைசூருவில் இயங்கிய ஐடியல் ஜாவா நிறுவனம் 1961ஆம் ஆண்டு முதல் ஜாவா வண்டிகளையும், பின்னர் யெஸ்டி என்ற பெயரிலான வண்டிகளையும் தயாரித்து வந்தது. அந்த ஆலை 1996ஆம் ஆண்டு மூடப்பட்டது. 98 சிசி இன்ஜினில் 11 குதிரைத்திறனை வெளிப்படுத்திய யமஹா ஆர்எக்ஸ் 100, 1985ஆம் ஆண்டு முதல் 1996ஆம் ஆண்டு வரை உற்பத்தி செய்யப்பட்டது. எரிபொருளைச் சிக்கனமாகப் பயன்படுத்தும் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் வருகையும், 1996 மற்றும் 2000ஆம் ஆண்டுகளில் கடுமையாக்கப்பட்ட புகை மாசு விதிமுறைகளும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலத்தை முடிவுக்குக் கொண்டுவந்தன.

உற்பத்தி நின்றுவிட்டதால், இவ்வண்டிகளில் உள்ள அசல் பாகங்களே பெரும் மதிப்புடையவை. சிலிண்டரின் உட்பகுதி தேய்ந்தால் அதைக் கடைந்து அகலப்படுத்தி, சற்றே பெரிய பிஸ்டனைப் பொருத்துவது வழக்கம். ரீபோர் எனப்படும் இப்பணியை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. பெரிய அளவு பிஸ்டன்கள் பொதுவாக 0.25 மி.மீ. வீதம் கூடிச் சென்று, ஒரு கட்டத்தில் முடிந்துவிடும். அதன்பின் அந்த சிலிண்டருக்குப் புதிய லைனர் போட வேண்டும் அல்லது வேறு சிலிண்டர் தேட வேண்டும். பிளக்கில் இருந்த கோளாறுக்காகத் தேவையின்றி ரீபோர் செய்தால், அந்த வண்டியின் எஞ்சிய ஆயுளில் ஒரு பங்கு வீணாகிறது. ஆகவே, செலவில்லாத சோதனைகள் அனைத்தையும் முடித்த பிறகே இன்ஜினில் கை வைக்க வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் இயங்கும் விதம்

எந்த பெட்ரோல் இன்ஜினுக்கும் மூன்று தேவைகள் உள்ளன. சரியான நேரத்தில் வலுவான தீப்பொறி, சரியான விகிதத்தில் காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, அந்தக் கலவையை இறுக்கும் அழுத்தம் ஆகியவையே அவை. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு நான்காவதாக ஒன்றும் தேவைப்படுகிறது.

ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினில் கலவை நேரடியாக சிலிண்டரின் மேற்பகுதிக்குச் செல்லும். பெரும்பாலான டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில், கலவை முதலில் பிஸ்டனுக்குக் கீழே உள்ள கிராங்க் அறைக்குள் நுழைகிறது. பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கு இறுக்கப்பட்டு, பக்கவாட்டுத் துளைகள் வழியாக மேலே தள்ளப்படுகிறது. எனவே, கிராங்க் அறை காற்றுக் கசிவின்றி இருப்பது அவசியம். இந்த அறையில் தனியாக ஆயில் தேங்கி நிற்பதில்லை என்பதால், பெட்ரோலோடு வரும் 2டி ஆயிலே பேரிங்குகளையும் பிஸ்டனையும் தேய்மானத்தில் இருந்து காக்கிறது.

ஜாவா, யெஸ்டி, ராஜ்தூத் 175 போன்ற வண்டிகளில் ஆயிலை டேங்கிலேயே பெட்ரோலுடன் கலக்க வேண்டும். ஆர்எக்ஸ் 100 போன்றவற்றில் தனி ஆயில் டேங்கும், அதைச் செலுத்தும் பம்ப்பும் உண்டு. நம் வண்டி இவற்றில் எந்த வகை என்பதை அறிந்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.

முதல் ஐந்து நிமிடங்கள்

கருவிகள் எதுவும் இன்றிச் செய்யக்கூடிய சோதனைகள் இவை.

* டேங்கில் பெட்ரோல் உள்ளதா என்பதை மூடியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். பழைய வண்டிகளின் மீட்டரை நம்புவதற்கில்லை.
* பெட்ரோல் காக் திறந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். அளவு குறைவாக இருந்தால் ரிசர்வ் நிலைக்குத் திருப்ப வேண்டும்.
* சாவி, கில் சுவிட்ச் இருந்தால் அது, நியூட்ரல் ஆகியவற்றைச் சரிபார்க்க வேண்டும்.
* கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும். சிறிதும் நகராமல் இறுகி இருந்தால், காலால் உதைக்கக் கூடாது.
* இன்ஜின் குளிர்ந்திருந்தால் சோக்கைப் போட வேண்டும். பழைய ஜாவாவில் சோக்கிற்குப் பதிலாக, கார்புரேட்டரின் மேல் மிதவையை அழுத்தும் சிறு பொத்தான் இருக்கும். பெட்ரோல் லேசாகக் கசியும் வரை அதை அழுத்தினால் போதும்.

சோக்கைப் பயன்படுத்துவதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. இவ்வகை வண்டிகளில் பலவற்றின் சோக், காற்றை மறைக்கும் தகடு அன்று. கூடுதல் பெட்ரோலை அனுமதிக்கும் தனிப் பாதை. ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும்போது ஏற்படும் உறிஞ்சு விசையால்தான் அப்பாதையில் பெட்ரோல் மேலேறும். சோக்கைப் போட்டுவிட்டு ஆக்ஸிலரேட்டரை முறுக்கியபடி உதைத்தால், சோக் போட்டதன் பயன் போய்விடும். குளிர்ந்த இன்ஜினை, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் உதைப்பதே சரியான முறையாகும்.

பிளக் காட்டும் அடையாளங்கள்

மேற்கண்டவை சரியாக இருந்தும் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், எட்டு அல்லது பத்து முறை உதைத்தவுடன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அடுத்து எந்தத் திசையில் செல்ல வேண்டும் என்பதை அது காட்டிவிடும்.

பிளக்கின் முனை நனைந்து பெட்ரோல் வாடை வீசினால், எரிபொருள் உள்ளே வருகிறது என்று பொருள். அப்போது தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். முனை முற்றிலும் உலர்ந்திருந்தால் எரிபொருள் உள்ளே வரவில்லை. டேங்கில் தொடங்கி கார்புரேட்டர் வரை உள்ள பாதையைச் சோதிக்க வேண்டும். கருப்பாகப் பிசுபிசுத்திருந்தால், ஆயில் அதிகமாகக் கலக்கப்படுகிறது அல்லது கியர்பாக்ஸ் ஆயில் உள்ளே கசிகிறது எனச் சந்தேகிக்கலாம். உலர்ந்த கரும்புகை போலப் படிந்திருந்தால் பெட்ரோலின் பங்கு மிகுந்துள்ளது. வெளுத்துப்போய் இருந்தால் காற்றின் பங்கு மிகுந்துள்ளது. இளம் பழுப்பு நிறமே நல்ல நிலையின் அடையாளம்.

கழற்றிய பிளக்கைப் பித்தளை பிரஷ் கொண்டு துடைத்து, இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை ஃபில்லர் கேஜ் மூலம் அளக்க வேண்டும். பெரும்பாலான வண்டிகளுக்கு 0.5 முதல் 0.7 மி.மீ. வரையிலான இடைவெளி பொருந்தும். பார்வைக்கு நன்றாக இருக்கும் பிளக்கும், ஏன் புதிய பிளக்கும்கூட, பழுதானதாக இருக்கக்கூடும். சரியான எண் கொண்ட மாற்று பிளக் ஒன்றை எப்போதும் வண்டியில் வைத்திருப்பது நலம்.

தீப்பொறிச் சோதனை: தீ விபத்து குறித்து எச்சரிக்கை

பிளக்கை அதன் கேப்பில் செருகி, பிளக்கின் உலோக உடல் சிலிண்டர் ஹெட்டின் வெற்று உலோகத்தில் நன்கு படும்படி வைத்து கிக்கரை உதைக்க வேண்டும். அப்போது பிளக் துளை வழியாகப் பெட்ரோல் கலவை வெளியே பீய்ச்சும். அதன் அருகில் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும் ஆபத்து உள்ளது. எனவே, பிளக் துளைக்குத் தொலைவில் உள்ள இடத்திலேயே பிளக்கை வைக்க வேண்டும். துளையைத் துணியால் மூடிக்கொள்வதும், பெட்ரோல் காக்கை அடைத்துவிடுவதும், திறந்த வெளியில் சோதிப்பதும் அவசியம். சிடிஐ பொருத்தப்பட்ட வண்டிகளில், பிளக் உலோகத்தில் படாமல் உதைத்தால் சிடிஐ யூனிட் பழுதடையக்கூடும்.

நீல நிறத்தில், 'டப்' என்ற ஒலியுடன் தீப்பொறி தெறித்தால் மின் பகுதி ஏறத்தாழ நல்ல நிலையில் உள்ளது. மஞ்சளாகவோ, மெலிந்தோ, விட்டுவிட்டோ வந்தால் அது போதாது. வெளியே எரியும் பலவீனமான தீப்பொறி, சிலிண்டருக்குள் உள்ள அழுத்தத்தில் அணைந்துவிடும்.

தீப்பொறி இல்லை அல்லது பலவீனம் எனில், கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்கலாம்.

முதலாவதாக, பிளக் கேப். அதைத் திருகிக் கழற்றிவிட்டு, தடித்த ஒயரின் முனையையே உலோகத்தில் இருந்து சில மி.மீ. தொலைவில், நன்கு மின்காப்பு உள்ள பிடியால் பிடித்துச் சோதிக்கலாம். தீப்பொறி வந்தால் கேப்தான் பழுது. ஒயரின் முனை பச்சை பூத்திருந்தால், ஓரிரு மி.மீ. வெட்டிவிட்டு மீண்டும் பொருத்தினால் சரியாகிவிடும்.

இரண்டாவதாக, கில் சுவிட்ச் மற்றும் சாவி சுவிட்ச். மேக்னட்டோ மூலம் இயங்கும் வண்டிகளில், மின்சாரத்தை உலோக உடலுக்குத் திருப்பிவிட்டே சுவிட்ச் இன்ஜினை நிறுத்துகிறது. ஹெட்லைட் கூட்டுக்குள் அந்த ஒயரின் உறை கிழிந்து உலோகத்தில் பட்டாலே தீப்பொறி நின்றுவிடும். மழைக்கோ வாட்டர் சர்வீஸுக்கோ பிறகு ஸ்டார்ட் ஆகாத வண்டிகளில் இதை முதலில் பார்க்க வேண்டும். அந்த ஒயரைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டுச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும்.

மூன்றாவதாக, பேட்டரி. ஜாவா, யெஸ்டி வண்டிகளில் வழக்கமாக உள்ள பேட்டரி-காயில் அமைப்பில், பேட்டரி இறங்கிவிட்டால் தீப்பொறி வராது. மேக்னட்டோவில் இருந்தே நேரடியாக மின்சாரம் பெறும் வண்டிகளில் பேட்டரி இல்லாவிட்டாலும் தீப்பொறி வரும். இந்த வேறுபாடு தெரியாமல் புதிய பேட்டரி வாங்குவோர் உண்டு.

நான்காவதாக, பாயிண்ட். சிடிஐ இல்லாத வண்டிகளில் தீப்பொறியின் நேரத்தைத் தீர்மானிப்பது இதுதான். இரு முனைகளும் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பிறகு சுத்தமான காகிதத்தை இடையில் வைத்து இழுத்துத் துடைக்க வேண்டும். முழுமையாகத் திறந்த நிலையில் 0.3 முதல் 0.4 மி.மீ. இடைவெளி இருப்பது வழக்கம். பாயிண்ட் அடிக்கடி கருகுவதும், உதைக்கும்போது பாயிண்டிலேயே பெரிய பொறி பறப்பதும் கன்டென்சர் பழுதானதற்கான அடையாளங்கள். கன்டென்சர் விலை குறைவு என்பதால், இவ்விரண்டையும் சேர்த்தே மாற்றுவது நலம்.

இவை அனைத்தும் சரியாக இருந்த பிறகே காயில், சிடிஐ ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். தீப்பொறி நன்றாக இருந்தும் கிக்கர் காலைத் திருப்பி அடித்தால், பற்றவைப்பு நேரம் மாறியிருக்கிறது. மேக்னட்டோவைக் கிராங்கோடு பிணைக்கும் சிறு சாவித்துண்டு அறுந்திருப்பதும் அதற்கு ஒரு காரணமாகும்.

பெட்ரோல் வரும் பாதை

பிளக் உலர்ந்திருந்தால், முதலில் ஓர் எளிய சோதனை. பிளக் துளை வழியாக, ஆயில் கலந்த பெட்ரோலை அரைத் தேக்கரண்டி அளவு மட்டும் விட்டு, பெட்ரோல் பாட்டிலை மூடி அப்புறப்படுத்திவிட்டு, பிளக்கைப் பொருத்தி உதைக்க வேண்டும். இன்ஜின் சில நொடிகள் இயங்கி நின்றால், தீப்பொறியும் அழுத்தமும் அநேகமாகச் சரி. கோளாறு பெட்ரோல் பாதையில் உள்ளது என உறுதி செய்துகொள்ளலாம். மெக்கானிக்குகள் பல்லாண்டுகளாகக் கையாளும் இச்சோதனை, தேவையற்ற பல வேலைகளைத் தவிர்க்கிறது.

அடுத்து, கார்புரேட்டரில் இருந்து டியூபைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காக்கைத் திறக்க வேண்டும். பெட்ரோல் தடையின்றி வழிய வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால், டேங்க் மூடியைத் திறந்து மீண்டும் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்ததும் ஓட்டம் சீரானால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைபட்டுள்ளது. அப்படியும் சீராகாவிட்டால், காக்கில் உள்ள வடிகட்டியில் துரு சேர்ந்திருக்கும்.

டியூப் வரை பெட்ரோல் வந்தால் கார்புரேட்டரைக் கழற்ற வேண்டும். நீண்ட நாள் நிறுத்தப்பட்ட வண்டிகளில், அடியில் உள்ள கிண்ணத்தில் தேங்கிய பெட்ரோல் ஆவியாகி, ஆயில் மட்டும் பிசின் போலத் தங்கிவிடும். முதலில் அடைபடுவது பைலட் ஜெட் எனப்படும் மிக நுண்ணிய துளைதான். வண்டி ஸ்டார்ட் ஆவதற்கும் ஐடிலிங்கில் நிற்பதற்கும் அதுவே பொறுப்பு. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பு இருந்தால் கார்புரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து நீக்க வேண்டும். ஊசி, இரும்புக் கம்பி ஆகியவற்றால் குத்தினால், மென்மையான பித்தளையில் துளை பெரிதாகி, பெட்ரோல் விகிதமே மாறிவிடும்.

பெட்ரோல் மிகுந்துவிட்டால்

பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால், மீண்டும் மீண்டும் சோக் போட்டு உதைப்பது நிலைமையை மோசமாக்கும். காக்கை அடைத்து, சோக்கை எடுத்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்து, சாவியை அணைத்த நிலையில் பத்துப் பதினைந்து முறை உதைத்தால் மிகுதியான பெட்ரோல் வெளியேறிவிடும். சாவியை அணைத்தாலும் தீப்பொறி உருவாகாத நிலை பாயிண்ட், சிடிஐ ஆகிய எதுவானாலும் உண்டா என்ற ஐயம் இருந்தால், பிளக்கைக் கேப்பில் செருகி, துளைக்குத் தொலைவில் உலோகத்தில் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் உலர்ந்த பிளக்கைப் பொருத்தி, சோக் இன்றி முயல வேண்டும்.

இரவில் காக்கை அடைக்காமல் விடுவதும், கார்புரேட்டரில் உள்ள ஊசி தேய்ந்து கசிவதும் சேர்ந்துகொண்டால், பெட்ரோல் கிராங்க் அறைக்குள் இறங்கித் தேங்கிவிடும். வண்டியை நிறுத்தியவுடன் காக்கை அடைக்கும் பழக்கம் ஒன்றே இதைத் தடுக்கப் போதுமானது.

அழுத்தம் போதுமானதா?

தீப்பொறியும் பெட்ரோலும் சரியாக இருந்தும் பயனில்லை எனில், அழுத்தத்தைச் சோதிக்க வேண்டும். கிக்கரை மெதுவாக அழுத்தும்போது ஓரிடத்தில் உறுதியான எதிர்ப்புத் தெரிய வேண்டும். தடையின்றி வழுக்கிக்கொண்டு கீழே சென்றால் அழுத்தம் குறைந்துள்ளது.

பிளக் துளையில் பொருத்தும் அழுத்தமானி இருந்தால், ஆக்ஸிலரேட்டரை முழுவதும் திறந்துவைத்து, முள் மேலும் ஏறாத வரை உதைக்க வேண்டும். காற்றால் குளிரும் பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்களில், சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் காட்டினால் பொதுவாக ஸ்டார்ட் ஆவதற்குத் தடை இராது. 90-க்கும் வெகுவாகக் கீழே சென்றால் ஸ்டார்ட் ஆவது கடினம். அந்தந்த வண்டிக்கான கையேட்டில் உள்ள அளவையே இறுதியாகக் கொள்ள வேண்டும்.

அளவு குறைந்திருந்தால், முதலில் சிலிண்டர் ஹெட்டின் நட்டுகள் தளர்ந்துள்ளனவா, கேஸ்கட் ஓரத்தில் ஆயில் கசிவு தெரிகிறதா எனப் பார்க்க வேண்டும். பிறகு பிளக் துளையில் சில துளிகள் 2டி ஆயில் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு நன்றாக உயர்ந்தால் பிஸ்டன் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்துள்ளது. அப்போதும் உடனடியாக ரீபோர் என முடிவெடுக்க வேண்டியதில்லை. கரியால் ரிங் தன் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், சுத்தம் செய்து, தேவையெனில் ரிங்கை மட்டும் மாற்றினாலே அழுத்தம் திரும்பக்கூடும். சிலிண்டரை அளந்து பார்த்த பின்னரே ரீபோர் குறித்துத் தீர்மானிக்க வேண்டும்.

எளிதில் கண்ணுக்குப் படாத ஆயில் சீல்

மூன்றும் சரியாக இருந்தும் ஸ்டார்ட் ஆகாத டூ-ஸ்ட்ரோக் வண்டியில், நான்காவது தேவையான கிராங்க் அறையின் இறுக்கத்தைச் சோதிக்க வேண்டும். கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள ரப்பர் ஆயில் சீல்கள்தாம் அதைக் காக்கின்றன. ஆண்டுக்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இந்த ரப்பர் இறுகி வெடித்துவிடுகிறது.

மேக்னட்டோ பக்கத்துச் சீல் பழுதானால், அவ்வழியே காற்று உள்ளே இழுக்கப்படும். வண்டி ஸ்டார்ட் ஆகச் சிரமப்படும். ஸ்டார்ட் ஆனாலும், ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல் இரையும். இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால், இன்ஜின் மிகையாகச் சூடேறி பிஸ்டன் சிக்கிக்கொள்ளும் அபாயம் உள்ளது. கிளட்ச் பக்கத்துச் சீல் பழுதானால், கியர்பாக்ஸ் ஆயில் உள்ளே இழுக்கப்பட்டு வெண்புகை அடர்த்தியாக வெளியேறும். பிளக் ஆயிலில் ஊறும். கியர்பாக்ஸ் ஆயில் அளவு குறைந்துகொண்டே வரும். இத்தகைய புகையைக் கண்டு ரிங் தேய்ந்துவிட்டதாக எண்ணி ரீபோர் செய்துவிடுவது, பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு நேரும் விலையுயர்ந்த பிழைகளுள் ஒன்று. இரு சீல்களின் விலையோ மிகக் குறைவு. மேக்னட்டோ பக்கத்துச் சீலை, பல வண்டிகளில் இன்ஜினை முழுமையாகப் பிரிக்காமலேயே மாற்றிவிட முடியும்.

கார்புரேட்டரையும் இன்ஜினையும் இணைக்கும் ரப்பர் குழாயில் உள்ள வெடிப்பும் இதே விளைவைத் தரும். ரீட் வால்வ் உள்ள வண்டிகளில் அதன் மெல்லிய தகடு உடைந்தால், உதைக்கும்போது கலவை கார்புரேட்டர் வழியாகத் திரும்பித் துப்பும்.

காற்றும் புகையும் செல்லும் வழி

ஏர் ஃபில்டரில் எலி கூடு கட்டியிருப்பதும், சைலன்சர் முனையில் குளவி மண்கூடு வைத்திருப்பதும் நெடுநாள் நின்ற வண்டிகளில் காணக்கூடியவையே. ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளில், எரியாத ஆயில் கரியாகப் படிந்து சைலன்சரின் உட்குழாயையும் சிலிண்டரின் புகைத் துளையையும் குறுக்கிவிடும். சைலன்சரைத் தளர்த்திவிட்டு உதைக்கும்போது ஸ்டார்ட் ஆனால், அடைப்பு அங்குதான் உள்ளது. அந்தக் கரியைச் சுரண்டி எடுப்பது, டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்கு வழக்கமாகச் செய்ய வேண்டிய பராமரிப்புப் பணியாகும்.

ஓடிய பின் நின்று, ஆறிய பின் ஸ்டார்ட் ஆகும் வண்டி

காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகி, பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடியதும் நின்றுவிடும் வண்டி தனி வகை. நின்ற உடனே பிளக்கைக் கழற்றித் தீப்பொறியைச் சோதிக்க வேண்டும். அப்போது தீப்பொறி இல்லாமல், அரை மணி நேரம் ஆறிய பின் வந்தால், சூட்டில் செயலிழக்கும் காயில், கன்டென்சர் அல்லது சிடிஐ பகுதியே காரணம். வீட்டுக்கு வந்து ஆறிய பின் சோதித்தால் அனைத்தும் சரியாகவே தோன்றும். தீப்பொறி இருந்தால், டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பார்க்க வேண்டும். மூடியைத் திறக்கும்போது 'உஸ்' எனக் காற்று உள்ளிழுக்கும் ஓசை கேட்டால் ஐயமே வேண்டாம்.

இ20 பெட்ரோலும் பழைய வண்டிகளும்

20 சதவீத எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023ஆம் ஆண்டு நாட்டில் அறிமுகப்படுத்தப்பட்டு, தற்போது பரவலாக விற்பனையாகி வருகிறது. பழைய வாகனங்கள் சிலவற்றில், நீண்ட பயன்பாட்டுக்குப் பிறகு ரப்பர் பாகங்களையும் கேஸ்கட்களையும் மாற்ற வேண்டி வரலாம் என மத்திய பெட்ரோலியத் துறை 2025ஆம் ஆண்டு விளக்கம் அளித்திருந்தது.

டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்போர் இதில் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை உண்டு. எத்தனால், காற்றில் உள்ள ஈரத்தை ஈர்க்கும் தன்மை கொண்டது. ஈரம் ஓர் அளவைத் தாண்டினால், எத்தனாலும் நீரும் சேர்ந்து தனி அடுக்காக டேங்கின் அடியில் இறங்கிவிடும். 2டி ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு தங்கிவிடும். காக் வழியாக முதலில் இறங்குவது அடியில் உள்ள திரவமே என்பதால், வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போவதோடு, ஆயில் இல்லாத திரவம் இன்ஜினுக்குள் செல்லும் ஆபத்தும் உள்ளது. டேங்க் உள்ளே துருப்பிடிக்கவும் இது வழிவகுக்கும்.

மேலும், எத்தனால் எரிவதற்குப் பெட்ரோலைவிடக் குறைவான காற்றே போதும். பழைய ஜெட் அளவிலேயே இ20 செல்லும்போது கலவையில் காற்றின் பங்கு மிகுந்துவிடும். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆக முன்பைவிடக் கூடுதலாகச் சோக் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பிளக் தொடர்ந்து வெளுத்துக் காணப்பட்டால், ஜெட் அளவு குறித்து அனுபவமிக்க மெக்கானிக்கின் ஆலோசனையைப் பெற வேண்டும்.

நெடுநாள் நின்ற வண்டியை எழுப்பும் முன்

ஆண்டுக்கணக்கில் ஓரங்கட்டப்பட்ட வண்டியை எடுத்த எடுப்பிலேயே உதைக்கக் கூடாது. பழைய பெட்ரோலை முழுவதும் வடித்து, டேங்கின் உட்புறத்தை டார்ச் ஒளியில் பார்க்க வேண்டும். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, பெட்ரோல் டியூபைப் புதிதாக மாற்ற வேண்டும். பிளக் துளையில் சிறிது 2டி ஆயில் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் கிக்கரைக் கையால் மெல்லச் சுழற்ற வேண்டும். தனி ஆயில் பம்ப் உள்ள வண்டிகளில், டியூபில் காற்றுக் குமிழி இன்றி ஆயில் வருகிறதா என்பதை உறுதி செய்யும் வரை, டேங்கிலும் சிறிது ஆயில் கலந்துகொள்வது பாதுகாப்பானது.

கலவை அளவும் முக்கியம். வண்டிக்கேற்ப ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 முதல் 40 மி.லி. வரை 2டி ஆயில் பரிந்துரைக்கப்படுகிறது. பாதுகாப்புக்காக எனக் கூடுதலாக ஊற்றினால் பிளக்கும் சைலன்சரும் அடைபடும். குறைத்தால் பிஸ்டன் சிக்கும். கையேட்டில் உள்ள அளவை அளவுக் குவளையில் அளந்தே கலக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் கூற வேண்டியவை

இச்சோதனைகளுக்குப் பிறகும் கோளாறு பிடிபடவில்லை எனில், டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் பழகிய மெக்கானிக்கை நாடுவதே சரி. "ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் கூறாமல், வண்டி எப்போது நின்றது, நின்றபோது இன்ஜின் சூடாக இருந்ததா, பிளக் நனைந்திருந்ததா உலர்ந்திருந்ததா, தீப்பொறியின் நிறம் என்ன, புகை மிகுந்ததா, கியர்பாக்ஸ் ஆயில் குறைந்ததா ஆகிய விவரங்களைக் கூறினால், அவரது வேலை எளிதாகும். நமது செலவும் குறையும்.

ரீபோர் செய்ய வேண்டும் என அவர் பரிந்துரைத்தால், அழுத்தத்தின் அளவையும் சிலிண்டரின் அளவையும் கேட்டுப் பெற வேண்டும். கழற்றப்படும் பழைய பாகங்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதும் அவசியம். பழுதெனக் கருதப்பட்ட காயிலோ கார்புரேட்டரோ நல்ல நிலையில் இருப்பது பின்னர் தெரியவந்தால், அவற்றை மீண்டும் பொருத்திக்கொள்ள இயலும். உற்பத்தி நின்ற வண்டிக்கு அதே தரத்தில் மாற்றுப் பாகம் கிடைப்பது நாளுக்கு நாள் அரிதாகி வருகிறது.